இடது பக்கத்து வீணை

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் ஹசீனா என்று ஒரு மாஸ்டர் இருந்தார். சென்னை ஸ்டூடியோக்களில் பல வருஷம் பாட்டுப் பதிவு செய்து பேரெடுத்தவர். போதும் என்று சொந்த ஊருக்குத் திரும்பினார். ஊர் சும்மா இருக்க விடுமா? பாட்டுப் பைத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன.

"பாடச் சொல்லித் தர ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. நான் கேக்கத்தான் சொல்லித் தருவேன்" என்பார் மாஸ்டர். சிஷ்யர்களில் இரண்டு பேர் அவரைவிட வயதில் நன்றாக மூத்தவர்கள். ஒருவர் புத்தூரில் பல் டாக்டர், அமலதாஸ். இன்னொருவர் உறையூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்த சீராளன்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த அம்மாவின் காது காதுதான். ஒருநாள் வகுப்பு நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, "கீழ் வீட்ல குக்கர் வெயிட் சரியா உக்காரலை. யாராவது போய்ச் சொல்லுங்க" என்றார். அமலதாஸ் இறங்கிப் போய்ப் பார்த்தார். ஆவி பக்கவாட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மாஸ்டர் காலில் விழுந்தவர்தான் டாக்டர், எழுந்திருக்கவே இல்லை. மாஸ்டருக்கு ஒரு பல்லாவது ஆடாதா, நாம் கவனித்து விடமாட்டோமா என்று ஏங்குவார். மாஸ்டரின் பற்களோ பாறை மாதிரி இருந்தன.

டாக்டரும் சீராளனும் ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். கிளினிக்குக்கு மேலே டாக்டருடைய அறை. கீழே நாலு ரோடு, பஸ் ஹாரன் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்போன். பேச்சே கிடையாது. எல்லாரும் வாய் ஓயாமல் பேசித்தான் சிநேகிதம் வளர்ப்பார்கள். இவர்கள் வாயை மூடிக்கொண்டு வளர்த்தார்கள்.

அந்தச் சிநேகிதத்துக்கு ஒரு சவுண்ட் கார்டு வந்து உலை வைத்தது.

டாக்டர் புது கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் பாட்டுக்குப் பின்னால் ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல். நல்ல சவுண்ட் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கம்ப்யூட்டருக்குள் எண்ணாக இருக்கிற பாட்டைக் காதுக்குச் சத்தமாக மாற்றித் தருவது அதுதானே. டாக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கேபினெட்டுக்குள்ளேயே செருகிவிடுகிற பலகை. சீராளன் வேறொன்றைக் கொண்டுவந்தார். வெளியே மேஜைமேல் வைக்கிற சின்னப் பெட்டி. இரண்டையும் போட்டுக் கேட்டார்கள்.

"என்னோடதுதான் தெளிவு" என்றார் டாக்டர்.

"பெட்டியே இருக்கட்டும் டாக்டர்."

"ஏன்? காரணம் சொல்லுங்க."

"கைக்கு எட்டற மாதிரி இருக்கு."

"கைக்கு எட்டறதுக்கு அது என்ன முறுக்கு டப்பாவா? சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

சீராளன் பிடித்த பிடியை விடவில்லை. காரணமும் சொல்லவில்லை. டாக்டருக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது.

"மெஷின் பக்கத்துல நின்னு நின்னு உங்க காது தேஞ்சுபோச்சுய்யா. உங்ககிட்ட யோசனை கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

சீராளன் காபியைப் பாதியில் வைத்தார். பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

டாக்டர் தனியாக உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவு தெளிவான கார்டில் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்க முடியவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது காதுக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. நேரே உறையூருக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றதாகிவிடுமே! மாஸ்டர் வாயாலேயே 'டாக்டர் கார்டுதான் சரி' என்று சொல்லவைத்துவிட்டால், சீராளன் வந்துதானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டார். கம்ப்யூட்டரைக் கேபினெட்டோடு காரில் ஏற்றிக்கொண்டு கே.கே. நகருக்குப் போனார்.

மாஸ்டர் மாடிப்படி உச்சியில் நின்று பார்த்தார்.

"குடி வந்துட்டீங்களா டாக்டர்?"

"ஒரே ஒரு சந்தேகம் மாஸ்டர். வீட்ல பாட்டுக் கேக்க உள்ளே போடற கார்டு நல்லதா, வெளியே வைக்கற பெட்டி நல்லதா? நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது."

"யாருக்கும் யாருக்கும் சண்டை?"

டாக்டர் மென்று விழுங்கி நடந்ததைச் சொன்னார். தான் சொன்ன கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். சீராளன் வைத்திருந்ததைப் போலவே ஒரு பெட்டி மாஸ்டரிடமும் இருந்தது. அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைத்தார்.

"வீட்ல ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டப்போ வால்யூம் ஒரே அளவா இருந்துச்சா?"

"காதுக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

மாஸ்டர் ஒரு மீட்டரை வைத்து அளந்தார். டாக்டருடைய கார்டு ஓர் இழை அதிகச் சத்தமாக இருந்தது.

"சத்தம் கொஞ்சம் கூடினா அது தெளிவுன்னு தோணும் டாக்டர். எல்லாருக்கும்தான். எனக்கும்தான்."

அப்பாடா, எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று டாக்டருக்கு மெய்சிலிர்த்தது. தான் கட்டின கோட்டையில் ஒரு சுவர் விழுந்ததை அந்தச் சிலிர்ப்பில் அவர் கவனிக்கவில்லை.

பெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு பட்டன் இருந்தது. அது எதற்கு என்று டாக்டர் கேட்டார்.

"இடது காதுக்குப் போறதையும் வலது காதுக்குப் போறதையும் ஒண்ணாக் கலந்து, ரெண்டு காதுக்கும் குடுக்கும். எங்களை மாதிரிப் பதிவு பண்றவங்க சரிபார்க்க வெச்சுக்கறது."

"ஐயையோ! அந்தப் பக்கம் வீணை, இந்தப் பக்கம் குழல்னு அழகா உக்காத்தி வெச்சிருக்கறதை யாராவது போட்டுக் குழப்புவாங்களா?"

மாஸ்டர் வால்யூமைத் திருகி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்.

"இப்பத் திரும்பி உக்காருங்க. எது ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. கேட்டுட்டு, கார்டா பெட்டியான்னு சொல்லுங்க. ஆனா மாத்தறதுக்கு வேற ஆள் வேணும்."

"நீங்க இருக்கீங்களே."

"நான் மாத்தினா என் மூச்சைக் கேட்டே எனக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லிடுவீங்க. உங்க பக்தி அப்படி. வேற ஆளைக் கூப்பிடுங்க. நீங்க முதுகைக் காட்டிட்டு உக்காரணும், அவங்க சொல்றதை நம்பணும். அப்படிப்பட்ட ஆளாப் பார்த்துக் கூப்பிடுங்க."

டாக்டர் யோசித்தார். மனைவி ரோஸ்லின்? எதைச் சொன்னால் சீக்கிரம் முடியுமோ அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கிளினிக் நர்ஸ்? 'எல்லாமே கரெக்ட் டாக்டர்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். தம்பி? வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் சிரிப்பான்.

"என்ன டாக்டர், இவ்வளவு பெரிய ஊர்ல உங்களை ஏமாத்தாத ஆளு ஒருத்தர்கூட இல்லையா?"

"இருக்கார்" என்றார் டாக்டர். சொன்ன பிறகு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் மேஜைமேல் கிடந்த டாக்டருடைய போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"சீராளன், நான்தான்."

"சொல்லுங்க."

"மாஸ்டர் வீட்ல இருக்கேன். அந்தக் கார்டு விஷயம்தான். பரிசோதனை. மாத்தறதுக்கு ஆள் வேணுமாம்."

அந்தப் பக்கம் பிரஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது.

"வர்றேன்" என்றார் சீராளன்.

விரலில் மை காயாமல் வந்தார். மாஸ்டருக்கு வணக்கம் சொன்னார். டாக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். டாக்டரும் அசைத்தார். ஏதோ பெண் பார்க்க வந்த இடம் மாதிரி இருந்தது.

அவர்கள் ஞாயிறுதோறும் கேட்கிற அதே கச்சேரியை மாஸ்டர் போட்டார். பிலஹரி ராகம். இடது பக்கம் வீணை, வலது பக்கம் புல்லாங்குழல், நடுவில் மிருதங்கம். டாக்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சீராளன் பின்னால் நின்று மாற்றினார். மாற்றுகிறவரும் ஒரு ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பாட்டு ஓடுகிறதா என்று தெரியும் என்றார் மாஸ்டர்.

"கார்டு" என்றார் டாக்டர், அடித்துச் சொல்கிற குரலில். "பெட்டி... கார்டு... இது பெட்டியேதான், சந்தேகமே இல்லை."

முடிந்ததும் சீராளன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாதி சரி டாக்டர். பாதி தப்பு. சந்தேகமே இல்லைன்னு சொன்னீங்களே, அது கார்டு."

குரலில் ஒரு துளி நக்கல் இல்லை. சொல்லவே கஷ்டப்பட்ட மாதிரி இருந்தது.

"அவர் சொல்றது சரிதானான்னு பார்க்க வேணாமா?" என்றார் மாஸ்டர். "நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். சாட்சி யாரும் இல்லை."

"எதுக்கு மாஸ்டர்? சீராளன் சொன்னா அதுதான்."

சட்டென்று சொல்லிவிட்டு டாக்டரே திகைத்துப்போனார். சீராளன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார்.

"சரி, இப்ப நீங்க உக்காருங்க சீராளன்."

"நான் எதுக்கு மாஸ்டர்? டாக்டர் கேட்டதே போதும்."

"முறைன்னா முறைதான்."

சீராளன் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். மாஸ்டருடைய அந்த ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனி ஒயர். ஒவ்வொன்றையும் அதனதன் கிண்ணத்தில் செருகியிருக்கும். டாக்டர் பின்னால் போய் நின்று, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டைத் தட்டிவிட்டார்.

முதலில் கார்டு. சீராளன் நாற்காலியில் சரியாக நகர்ந்து உட்கார்ந்தார். இடது பக்கத்து ஒயர் நாற்காலிக் கையில் மாட்டி, கிண்ணத்திலிருந்து கழன்று தொங்கியது. டாக்டர் அதைப் பார்த்தார். இப்போது அவர் 'சத்தம் வரலையே' என்று திரும்புவார், மாட்டிவிடலாம் என்று காத்திருந்தார்.

சீராளன் திரும்பவில்லை.

"ஆஹா" என்றார். "இதுல வீணை அப்படியே பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கு."

டாக்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாட்டினார் மனுஷன்! ஒயரே இல்லாத காதில் வீணை கேட்கிறதாம்! இதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் ஓட்டலாமே. கையைத் தட்டிக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் சீராளனுடைய இடது கையைப் பார்த்தார். அது இடது கிண்ணத்தைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தது. தேடுகிறவர் கை மாதிரி நகர்த்தி நகர்த்தி அழுத்தியது. கழுத்து விறைத்திருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து நாற்காலியில் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். என்ன ரசனை மனுஷனுக்கு என்று அப்போதெல்லாம் டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஒயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காதுக்கு ஒன்றுதான். வீணையை ஞாபகத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்.

'உங்க காது தேஞ்சுபோச்சுய்யா.' தான் சொன்னது டாக்டருக்கே திரும்பக் கேட்டது. நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் என்றிருந்தது.

பெட்டி ஏன் வேண்டும் என்று எத்தனை முறை கேட்டோம்! காரணத்தைச் சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

டாக்டர் கார்டிலிருந்து பெட்டிக்கு மாற்றினார். முகப்பில் இருந்த சின்னப் பட்டனை அழுத்தினார்.

சீராளன் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். இடது கை தானாகக் கீழே இறங்கியது. குழல் வந்துகொண்டிருந்த வலது காதிலேயே வீணையும் வந்து சேர்ந்துகொண்டது. வாய் பாதி திறந்தபடியே இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. டாக்டர் சத்தமில்லாமல் சுற்றிப் போய் எதிரே நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் நகரவில்லை. மாஸ்டர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

பாட்டு நின்றதும் சீராளன் ஹெட்போனைக் கழற்றினார். தொங்குகிற ஒயரைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"எப்பலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"போன மழைக்கு முன்னாலேர்ந்து. காலையில எந்திரிச்சேன், இந்தப் பக்கம் கேக்கலை. காது டாக்டர்கிட்டக் காமிச்சேன். இனிமே வராதுன்னுட்டார்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது டாக்டர்? நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யறதே கேக்கறது ஒண்ணுதான். ஒரு காது போச்சுன்னு சொன்னா, பாவம்னு கூப்பிட்டு உக்கார வெப்பீங்க. இல்லேன்னா, கூப்பிடாம விட்டுடுவீங்க. ரெண்டையும் என்னால தாங்க முடியாது. பெட்டி வந்துட்டா, பேசாம பட்டனை அழுத்திட்டு ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"நான் என்ன வார்த்தை சொல்லிட்டேன் சீராளன்... மன்னிச்சுடுங்க."

"விடுங்க. உண்மையைத்தானே சொன்னீங்க."

"உண்மையைச் சொல்ற வாயா அது? வீம்புல உளறின வாய்."

சீராளன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"இது வேணாம் டாக்டர். பட்டனை ஆஃப் பண்ணிடுங்க. வீணையும் குழலும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும். எனக்குப் பரவாயில்லை, உங்களுக்குப் பாட்டே கெட்டுடும். இடம் வலம் பிரிச்சுக் கேட்டாத்தான் உங்களுக்குத் திருப்தி. உங்க கார்டே இருக்கட்டும். நான் வர்றேன். சத்தியமா வர்றேன்."

"பெட்டிதான்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க. நீங்கதானே போட்டுக் குழப்பறதுன்னு சொல்வீங்க?"

டாக்டர் சற்று முன்னால் இதே அறையில் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். உதவிக்கு மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கடைசியாப் பட்டனை அழுத்தினீங்களே டாக்டர், அப்ப உங்க காதுலயும் ஹெட்போன் இருந்துச்சு."

"ஆமா மாஸ்டர்."

"பாட்டு எப்படி இருந்துச்சு? கெட்டுப்போச்சா?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். வீணை எங்கே இருந்தது? குழல் எங்கே இருந்தது? இரைச்சல் இருந்ததா, இல்லையா? சபாவில் பின்வரிசையில் ஒருவர் இருமினால்கூட எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய மனுஷருக்கு எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. மாஸ்டர் முன்னால் இப்படியொரு பதிலைச் சொல்ல நேர்ந்ததே என்று முகம் சிவந்துபோனது.

"தெரியலை மாஸ்டர். பாட்டைக் கவனிக்கவே இல்லை. இவர் முகத்தையே பார்த்துட்டு இருந்துட்டேன்."

மாஸ்டர் சொன்னார்:

"எங்கிட்ட வந்து சேர்ந்ததுலேர்ந்து, இன்னிக்குத்தான் டாக்டர் நீங்க ஒரு பாட்டை ஒழுங்காக் கேட்டிருக்கீங்க."